உணவு நஞ்சாதலுக்குக் காரணமான பற்றீரியாவைப் பிடிக்க எந்த வழி? கொழும்பு ஆய்வுகூடமொன்றிலிருந்து ஓர் ஒப்பீடு

சென்ற வருடம் வெள்ளவத்தையில் எங்கள் சொந்தத்தில் ஒரு சாமத்திய வீடு. மத்தியானச் சாப்பாடு முடிந்து மண்டபத்தைப் பூட்டுவதற்கு முன்பே சிலர் வாந்தியெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குள் பதினேழு பேர், பெரும்பாலும் பிள்ளைகள். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. வாந்தி, வயிற்றுப் பிடிப்பு, இரண்டொருவருக்கு வயிற்றோட்டம். அடுத்தநாள் காலை எல்லோரும் எழுந்து நடமாடினார்கள். பெரியம்மாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பேத்தியின் மலத்தைத் தனியார் ஆய்வுகூடமொன்றில் கொடுத்து, மூன்று நாள் காத்திருந்து, அறிக்கை கைக்கு வந்ததும் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, சல்மொனெல்லாவும் இல்லை, ஷிகெல்லாவும் இல்லையெண்டு எழுதிக் கிடக்கு. அப்ப சாப்பாட்டில பிழையில்லையோ?"

"பெரியம்மா, பிழை சாப்பாட்டிலதான். இவை தேடினது வேற ஆளை."

சாப்பிட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தி, காய்ச்சல் இல்லை, ஒரே நாளில் சுகம். சல்மொனெல்லா இப்படி நடந்துகொள்வதில்லை. ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் அல்லது பசிலஸ் செரியஸ் என்ற பற்றீரியா சோற்றிலோ இறைச்சியிலோ முன்கூட்டியே பெருகி, நஞ்சைச் சுரந்து வைத்துவிட்டால்தான் இப்படி நடக்கும். அந்த நஞ்சைத் தேட வேண்டிய இடம் மிச்சச் சாப்பாடும் வாந்தியும். மிச்சச் சாப்பாடு அன்றிரவே குப்பை வண்டியில் போய்விட்டது. பேத்தியின் மலத்தில் மூன்று நாள் தேடியும் அகப்படாதது அங்கே இருந்ததே இல்லை.

கொழும்பில் வைத்தியசாலை நுண்ணுயிரியல் ஆய்வுகூடமொன்றில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். இந்தச் சம்பவத்துக்குச் சில மாதங்களின் பின், எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு புதிய கருவி வாங்கும் வாய்ப்பு வந்தது. நோய்ப்பரவல் ஒன்று வந்தால் காரணத்தை விரைவாகக் கண்டுபிடிக்க எதை வாங்கலாம் என்று என்னிடமும் கேட்டார்கள். ஒரு வார இறுதி முழுவதும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததன் விரிவான வடிவம் இது. ஆய்வுகூடத்தில் இருப்பவர்களோடு, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை நடத்துபவர், சமையல் ஒப்பந்தம் எடுப்பவர், கோயிலில் அன்னதானம் கொடுப்பவர் எல்லோருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

முதலில் நம்மூர் ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் உணவு நஞ்சாதல், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. சந்தேகம் வந்தவுடனேயே வைத்தியர் எச் 544 படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். ஆய்வுகூட முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, காத்திருக்கவும் கூடாது. அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கும் கடைக்கும் மண்டபத்துக்கும் போவார். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் உணவு மாதிரி எடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறது. நாட்டின் மத்திய ஆய்வுகூடம் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். 1900 இல் பற்றீரியா ஆய்வுக்கென்றே தொடங்கப்பட்ட இடம் அது. ஆக, சங்கிலி ஏற்கெனவே இருக்கிறது. அதன் எந்தக் கண்ணிக்குப் பணம் போட வேண்டும் என்பதுதான் கேள்வி.

கடிகாரமும் கொப்பியும்

ஒப்பீட்டில் முதலில் வர வேண்டிய வழிக்குக் கருவியே தேவையில்லை. அதனால்தான் யாரும் அதைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. எங்கள் கூட்டத்திலும் சேர்க்கவில்லை. நான்தான் சேர்த்தேன்.

சாப்பிட்ட நேரத்துக்கும் முதல் அறிகுறிக்கும் இடைப்பட்ட நேரத்தை நோயரும்பு காலம் என்கிறோம். அதை ஒழுங்காகக் கேட்டுக் குறித்தாலே சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடும். ஸ்டெபிலோகொக்கஸ் நஞ்சும் பசிலஸ் செரியஸின் வாந்தி நஞ்சும் அரை மணியிலிருந்து 6 மணித்தியாலத்துக்குள் ஆளை விழுத்தும். குளொஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் 6 முதல் 24 மணித்தியாலம் எடுக்கும். வயிற்றோட்டமும் பிடிப்பும் இருக்கும், வாந்தி அரிது. சல்மொனெல்லா பொதுவாக 6 முதல் 72 மணித்தியாலம், பெரும்பாலும் காய்ச்சலுடன். ஷிகெல்லாவுக்கு ஒன்று முதல் மூன்று நாள். கம்பைலோபக்டருக்கு இரண்டு முதல் ஐந்து நாள். ஷிகா நஞ்சு சுரக்கும் ஈ.கோலைக்கு மூன்று நான்கு நாள். லிஸ்டீரியா சில வேளை 70 நாள் வரை ஒளிந்திருக்கும். அவ்வளவு காலத்துக்கு முன் என்ன சாப்பிட்டோம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

அடுத்தது கொப்பி. நோயுற்றவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது, சுகமாக இருப்பவர்களிடமும் கேட்க வேண்டும். நம் ஆட்கள் அடிக்கடி தவறுவது இந்த இடத்தில்தான். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 120 பேர் வந்த விருந்தில் 46 பேருக்கு நோய். வட்டிலப்பம் சாப்பிட்ட 90 பேரில் 35 பேருக்கு நோய், அதாவது 39 வீதம். சாப்பிடாத 30 பேரில் 11 பேருக்கு, 37 வீதம். வித்தியாசமே இல்லை. கோழிக்கறி சாப்பிட்ட 80 பேரில் 44 பேருக்கு, 55 வீதம். சாப்பிடாத 40 பேரில் 2 பேருக்கு மட்டும், 5 வீதம். பதினொரு மடங்கு. வட்டிலப்பம் சாப்பிட்டவர்களில் 35 பேர் படுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் வட்டிலப்பத்தைத்தான் திட்டுவார்கள். சுகமாக இருந்தவர்களிடமும் கேட்டபடியால்தான் கோழிக்கறி அகப்பட்டது.

இந்த வழியின் வலிமையை உலகம் 2011 இல் ஜெர்மனியில் கண்டது. ஓ104:எச்4 என்ற ஈ.கோலை வகையால் 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்று 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹம்பர்க் நகரில் வெள்ளரிக்காயில் ஷிகா நஞ்சு ஈ.கோலை அகப்பட்டது என்று அறிவித்தார்கள். பழி ஸ்பானிய விவசாயிகள் தலையில் விழுந்தது. அவர்களின் மரக்கறி வாங்க ஆளில்லாமல் அழுகியது. சில நாள்களின் பின்தான் தெரிந்தது: வெள்ளரிக்காயில் இருந்தது ஈ.கோலைதான், ஆனால் நோயாளிகளிடம் இருந்த வகை அல்ல. உண்மையான குற்றவாளியை வெளியே கொண்டுவந்தது உணவகங்களுக்குப் போன குழுக்களை விசாரித்து, ஒவ்வொருவரும் வாங்கிய உணவின் செய்முறையைச் சமையற்காரரிடமே கேட்டுச் செய்த ஆய்வு. முளைவிட்ட பயறு வகைகள், கடைசியில் எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைவரை தடம் போனது. அந்த விதையில் பற்றீரியாவை ஆய்வுகூடம் கடைசிவரை வளர்த்துக் காட்டவில்லை.

இவ்வளவு சொன்னாலும் இந்த வழி தனியே நிற்காது. பத்துப் பேர் மட்டும் நோயுற்ற வீட்டில் கணக்கு பேசாது. எல்லோரும் எல்லாவற்றையும் சாப்பிட்ட கல்யாண வீட்டிலும் பேசாது. பற்றீரியாவின் பெயரையும் அது உறுதியாகச் சொல்லாது. மருந்துக்குப் பணியுமா என்பது தெரியவே தெரியாது.

வளர்த்துப் பார்ப்பது

ஆய்வுகூடத்தின் பழைய வழி. என் மனம் இன்னும் சாய்வது இதன் பக்கம்தான், காரணத்தையும் சொல்கிறேன்.

உணவில் சல்மொனெல்லா தேடுவதை எடுங்கள். 25 கிராம் உணவை 225 மில்லிலீற்றர் பெப்டோன் எனும் சத்துநீரில் இட்டு 37 பாகையில் 18 மணித்தியாலம் வைக்கிறோம். சமைத்த உணவில் பாதி செத்துக் கிடக்கும் பற்றீரியாவுக்கு அது ஒரு கஞ்சித்தொட்டி போல. பிறகு மற்றவற்றை அடக்கிச் சல்மொனெல்லாவை மட்டும் வளரவிடும் குழம்பில் இன்னொரு நாள். அதன் பிறகு எக்ஸ்.எல்.டி எனும் வளர்ப்பூடகம் ஊற்றிய தட்டில் ஒரு நாள். சிவப்புத் தட்டில் நடுவே கறுத்த பொட்டு வைத்த கொலனிகள், அதாவது பற்றீரியாத் திரள்கள், தெரிந்தால் நெஞ்சு படபடக்கும். ஆனால் அப்போதும் அறிவிக்க முடியாது. இரசாயனச் சோதனைகளும் சீரம் வைத்துப் பார்க்கும் ஒட்டுதல் சோதனையும் முடிய மொத்தம் நான்கு, ஐந்து நாள் ஆகிவிடும். நோயாளியின் மலத்தை நேரே தட்டில் பூசலாம் என்பதால் அதற்கு இரண்டு மூன்று நாள் போதும்.

தாமதம்தான் பெரிய குறை. இரண்டாவது குறை, நாம் எந்தத் தட்டைத் திறக்கிறோமோ அந்தப் பற்றீரியாதான் வரும். பெரியம்மாவின் அறிக்கையில் நடந்தது இதுதான். வழக்கமான மலச் சோதனை என்றால் பெரும்பாலும் சல்மொனெல்லா, ஷிகெல்லா இரண்டுக்கும்தான் தட்டுப் போடுவார்கள். கடலுணவு சந்தேகம் என்று யாராவது எழுதினால்தான் விப்ரியோவுக்கான டி.சி.பி.எஸ் தட்டு வெளியே வரும். விப்ரியோ பராஹீமோலிட்டிக்கஸ் அதில் பச்சையாக முளைக்கும். கம்பைலோபக்டருக்கு 42 பாகையும் குறைந்த ஒட்சிசனும் வேண்டும். பெர்ஃபிரிஞ்சென்ஸுக்கு ஒட்சிசனே ஆகாது, காற்றை அகற்றிய சாடி வேண்டும். அதனால் கோரிக்கைப் படிவத்தில் "வயிற்றோட்டம்" என்று ஒரு சொல் மட்டும் எழுதி அனுப்பும் வைத்தியர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு நோய் தொடங்கியது, என்ன சாப்பிட்டார், இன்னும் எத்தனை பேருக்கு. நான்கே வரி.

அகப்பட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. ஆரோக்கியமான மனிதரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் குடியிருக்கிறது. அரிசியில் பசிலஸ் செரியஸின் வித்திகள் இருப்பது சாதாரணம். உணவில் ஒரு கிராமுக்கு 1 இலட்சம் அளவில் இருந்தால்தான் குற்றம் சாட்டலாம். ஆகவே எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணுவதற்கு உணவு சரியான குளிரில் வந்திருக்க வேண்டும். கொழும்பு வெக்கையில் காரின் பின் இருக்கையில் மூன்று மணித்தியாலம் கிடந்த சோற்றுப் பார்சலில் 10 இலட்சம் பசிலஸ் இருந்தால், அது சமையலறையில் பெருகியதா காரில் பெருகியதா என்று யார் சொல்வது? குளிர்ப்பெட்டியில் உறையவைத்துக் கொண்டுவருவதும் பிழை, உறைந்தால் பெர்ஃபிரிஞ்சென்ஸ் செத்துவிடும். பனிக்கட்டியோடு 0 முதல் 4 பாகையில் வர வேண்டும்.

பெர்ஃபிரிஞ்சென்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் நகர முடியவில்லை. விருந்துச் சமையலுக்கு இதைவிடப் பொருத்தமான எதிரி கிடையாது. கொதிக்கும் ஆட்டிறைச்சிக் கறியில் அதன் வித்திகள் பிழைத்துக்கொள்ளும். அண்டா பெரிதாக இருப்பதால் கறி மெல்ல மெல்ல ஆறும். 43 முதல் 45 பாகைச் சூட்டில் அது ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். இரவு பத்து மணிக்கு இறக்கி மூடிவைத்த அண்டாவை விடியத் திறக்கும்போது கணக்கு என்னவாகியிருக்கும் என்று பாருங்கள். இதைப் பிடிக்கத் தேவையானது ஒரு காற்றில்லாச் சாடியும் ஒருவகைக் கறுப்புக் கொலனித் தட்டும். இலட்சக்கணக்கில் செலவில்லை. இருந்தும் நம் வைத்தியசாலைகளில் இதைத் தேடும் வழக்கம் குறைவு.

இனி, என் சாய்வுக்குக் காரணம். வளர்ப்பு முறை ஒன்றுதான் உயிருள்ள பற்றீரியாவைக் கையில் தருகிறது. அந்த ஒரு கொலனியை வைத்து எந்த மருந்துக்குப் பணியும் என்று பார்க்கலாம், வகை பிரிக்கலாம், மரபணுவைப் படிக்கலாம். உறைவிப்பானில் வைத்துவிட்டால் ஐந்து வருடம் கழித்து வரும் நோய்ப்பரவலோடும் ஒப்பிடலாம்.

நஞ்சைத் தேடுவது

இதற்கு உதாரணம் 2000 ஆம் ஆண்டில் ஜப்பான். ஒசாக்காப் பக்கத்தில் பால் குடித்த 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். வடக்கே ஹொக்கைடோவில் பால்மாத் தொழிற்சாலை ஒன்றில் மின்சாரம் தடைப்பட்ட நேரத்தில் பால் சூடாகவே தேங்கி நிற்க, ஸ்டெபிலோகொக்கஸ் அதில் பெருகியது. பிறகு சூடாக்கியதில் பற்றீரியா செத்தது. அது விட்ட நஞ்சு சாகவில்லை. அந்தப் பால்மாவைக் கரைத்த பாலில் பற்றீரியாவை வளர்த்துப் பார்த்தால் ஒன்றுமே வராது. நஞ்சைத் தேடியபடியால்தான் பிடித்தார்கள்.

2022 இல் ஒரு நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட ஊர் நமது. அந்த நாள்களில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த இறைச்சியை மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்தால் சரி என்று எத்தனை வீடுகளில் சொல்லியிருப்போம். ஸ்டெபிலோகொக்கஸ் நஞ்சுக்கும் பசிலஸ் வாந்தி நஞ்சுக்கும் அது பொருந்தாது.

எலைசா எனும் பிறபொருளெதிரிச் சோதனை முறையில் ஸ்டெபிலோகொக்கஸ் நஞ்சை உணவிலிருந்து சில மணித்தியாலத்தில் கண்டுபிடிக்கலாம். பெட்டிகள் விலை கூட. அவை பொதுவாக ஏ முதல் ஈ வரையான ஐந்து பழைய நஞ்சு வகைகளைத்தான் அறியும், இன்று தெரிந்த வகைகளோ 20க்கும் மேல். பாவிக்காமல் காலாவதியாவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு வைத்தியசாலையும் வாங்கி வைப்பதில் அர்த்தமில்லை. நாட்டுக்கு ஒன்றிரண்டு இடத்தில் எப்போதும் தயாராக இருந்தால் போதும், மாதிரி அங்கே போகட்டும். சூரை மீன் சாப்பிட்டு அரை மணியில் முகம் சிவந்து உடம்பு கடிக்கிறது என்று வருபவர்களையும் இந்தப் பகுதியில்தான் சேர்ப்பேன். பிடித்த மீனை உடனே குளிரில் வைக்காததால் பற்றீரியா உண்டாக்கிய ஹிஸ்டமின் அது. அங்கேயும் தேட வேண்டியது இரசாயனத்தை. நோயாளியின் மலத்தில் ஒன்றும் கிடைக்காது.

பி.சி.ஆர்: கூட்டத்தில் எல்லோரும் கேட்ட கருவி

நோய்க்கிருமியின் மரபணுத் துண்டைப் பலமடங்காக்கித் தேடும் கருவி இது. விற்பனைப் பிரதிநிதி வந்து காட்டியதும் இதைத்தான். மலத்தைச் சிறு பெட்டகத்தில் இட்டுக் கருவிக்குள் தள்ளினால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நோய்க்கிருமிகளுக்குப் பதில் வரும். சல்மொனெல்லா, கம்பைலோபக்டர், விப்ரியோ, ஷிகா நஞ்சு ஈ.கோலை, அவற்றோடு தட்டில் வளர்க்கவே முடியாத நோரோவைரசும். நுண்ணுயிர்க்கொல்லி இரண்டு குளிசை போட்டுவிட்டு வந்த நோயாளியின் மலத்தில் தட்டு வெறுமையாக இருக்க, பி.சி.ஆர் பெயர் சொல்லும். பாமசியில் மருந்து வாங்கிப் போட்டுவிட்டு மூன்றாம் நாள்தான் வைத்தியசாலைக்கு வரும் நம் ஊரில் இது பெரிய நன்மை. மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பட்டியலை நான் வரி வரியாகப் படித்தேன். ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் இல்லை. பசிலஸ் செரியஸ் இல்லை. பெர்ஃபிரிஞ்சென்ஸ் இல்லை. வயிற்றோட்டத்தோடு வரும் தனி நோயாளியை மனதில் வைத்துச் செய்த பட்டியல் அது. மண்டபத்துச் சோறும் அண்டாக் கறியும் அதன் கணக்கில் இல்லை. வெள்ளவத்தைச் சாமத்திய வீட்டுப் பதினேழு பேரையும் அந்தக் கருவியில் போட்டிருந்தாலும், பெரியம்மாவுக்குக் கிடைத்த அதே "இல்லை" தான் கிடைத்திருக்கும். மூன்று நாளில் வந்தது ஒரு மணியில் வந்திருக்கும், அவ்வளவுதான்.

வேறு சிக்கல்களும் உண்டு. பி.சி.ஆர் செத்த பற்றீரியாவின் மரபணுவையும் காட்டும். ஆரோக்கியமான பிள்ளைகளின் குடலில் சும்மா வந்துபோகும் ஈ.கோலை வகைகளையும் காட்டும். ஒரே மலத்தில் மூன்று பெயர் வந்தால் குற்றவாளி யார்? எந்த மருந்து வேலைசெய்யும் என்று சொல்லாது. வகை சொல்லாது. ஷிகா நஞ்சு ஈ.கோலை இருக்கிறது என்று மட்டும் சொல்லும் சோதனையை வைத்துக்கொண்டு குற்றம் சாட்டினால், ஹம்பர்க் வெள்ளரிக்காய்க் கதை கொழும்பில் ஒரு மரக்கறி வியாபாரிக்கு நடக்கும். பெட்டகச் சோதனைக்கு மாறிய சில இடங்களில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: பி.சி.ஆரில் பற்றீரியா என்று வந்தால் அதே மாதிரியைத் திரும்பவும் தட்டில் வளர்த்தே ஆக வேண்டும். அந்த விதியை எழுதிக் கையெழுத்து வைக்காமல் இந்தக் கருவியை வாங்கக்கூடாது என்பது என் கருத்து. வாங்கிய பிறகு "பி.சி.ஆர் இருக்கிறதே, தட்டு எதற்கு" என்று வளர்ப்பூடகச் செலவை வெட்டுவதுதான் வழக்கமாக நடக்கும்.

நடுவே ஒரு வழி இருக்கிறது. கொவிட் காலத்தில் வந்த, எந்த நிறுவனத்தின் சோதனைப் பொருளையும் ஏற்கும் திறந்த வகைப் பி.சி.ஆர் கருவிகள் கொழும்பின் பல ஆய்வுகூடங்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குத் தேவையான மரபணுத் துண்டுகளை மட்டும் தனியே வாங்கலாம்: சல்மொனெல்லாவுக்கு இன்வ்ஏ என்ற மரபணு, ஈ.கோலையின் ஷிகா நஞ்சு மரபணு, பசிலஸின் வாந்தி நஞ்சு மரபணு, ஸ்டெபிலோகொக்கஸ் நஞ்சு மரபணு. செய்யக் கைத்திறன் வேண்டும், ஒரு மணியில் வராது, அரை நாள் போகும். ஆனால் நமக்கு வேண்டியதைத் தேடும். வெளிநாட்டுப் பெட்டகம் கப்பலில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். டொலர் இல்லாமல் சோதனைப் பொருளுக்குத் தட்டுப்பாடு வந்த 2022 ஐ நேரில் கண்டவள் என்பதால் இதை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

மால்டி-டோஃப், மரபணு வரிசையாக்கம்

மால்டி-டோஃப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். தட்டில் வளர்ந்த கொலனியை லேசர் கொண்டு தாக்கி, அதன் புரதங்களின் நிறைகளை ஒரு கோலமாக எடுத்து, சேமித்த கோலங்களோடு ஒப்பிட்டுச் சில நிமிடத்தில் பெயர் சொல்லும். கருவி பெருவிலை, ஒவ்வொரு சோதனையும் மிக மலிவு. இரத்தத்தில் பற்றீரியா தேடும் வளர்ப்புச் சோதனை நாளுக்கு நூறு வரும் பெரிய வைத்தியசாலைக்கு அருமையான பொருள். நோய்ப்பரவலுக்கென்று மட்டும் வாங்குவது வீண். கொலனி வளரும்வரை அதற்கு வேலையில்லை, ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் பிரித்தறியத் தடுமாறும், சல்மொனெல்லாவில் எந்தச் சீரம் வகை, அதாவது எந்த உள்வகை, என்று நம்பகமாகச் சொல்லாது. சல்மொனெல்லாவில் 2,500க்கும் மேற்பட்ட சீரம் வகைகள் இருக்கும்போது "சல்மொனெல்லா" என்ற ஒற்றைச் சொல், கொழும்பில் ஒருவரைப் "பெர்னாண்டோ" என்று மட்டும் சொல்லித் தேடுவது போல.

வரிசையாக்கம் வேறு உயரம். அமெரிக்காவில் 1993 இல் ஹம்பர்கர் இறைச்சியால் 700க்கும் மேற்பட்டோரை நோயாக்கிய ஈ.கோலை ஓ157 பரவலுக்குப் பிறகு, 1996 இல் பல்ஸ்நெட் என்ற வலையமைப்பைத் தொடங்கினார்கள். பற்றீரியாவின் மரபணுவை வெட்டி, பட்டைக் கோலமாக்கி, மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிட்டார்கள். 2019 இல் அந்த வலையமைப்பே முழு மரபணு வரிசையாக்கத்துக்கு மாறிவிட்டது. ஏறத்தாழ 48 இலட்சம் எழுத்துகள் கொண்ட சல்மொனெல்லா மரபணுவில் இரண்டு நோயாளிகளின் பற்றீரியாக்கள் இரண்டு மூன்று எழுத்தில் மட்டும் வேறுபட்டால், அவை அண்மையில் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். தென்னாபிரிக்காவில் 2017-2018 இல் 1,060 பேரைத் தாக்கி 200க்கும் மேற்பட்டோரைக் கொன்ற லிஸ்டீரியாவை, பொலோனி எனும் பதப்படுத்திய இறைச்சியில், ஒரு தொழிற்சாலைவரை தொடர்ந்து போய்ப் பிடிக்க உதவியது இதுதான். நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த நோயாளிகள். அவர்களில் யாரும் ஒரே விருந்துக்குப் போகவில்லை. கொப்பியால் மட்டும் அது முடிந்திருக்காது.

நம்மிடம் இந்தத் திறமை இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. கொவிட் வைரசின் மரபணுவை நுகேகொடையிலுள்ள ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து படித்து, திரிபுகளை அறிவித்தார்கள். ஆனால் ஒரு மண்டபத்தில் ஒரு நாளில் நடந்த சம்பவத்துக்கு இது அவசியமில்லை, எங்கே சாப்பிட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மாதக்கணக்கில் மாவட்டம் மாவட்டமாக ஒன்றிரண்டாய் வரும் நோயாளிகளுக்கு இது ஈடில்லாதது. வைத்தியசாலை தனியே வாங்கும் பொருளும் அல்ல. கொலனியைச் சேமித்து, கிழமைக்கு ஒரு தடவை ஒரே மையத்துக்கு அனுப்பும் பழக்கம்தான் நம் பங்கு.

நான் எழுதிக் கொடுத்தது

இருக்கும் பணம் ஒரு பெட்டகப் பி.சி.ஆர் கருவிக்குத்தான் போதும் என்றால், அதை வாங்க வேண்டாம் என்று எழுதினேன். முதல் செலவு மாதிரிப் பெட்டி: மூடி இறுக்கமான கிருமிநீக்கிய போத்தல்கள், மாதிரியைக் கெடாமல் கொண்டுபோகும் கெரி-பிளெயர் ஊடகம் நிரப்பிய மலக்குழாய்கள், பனிப்பொதி, நேரமும் உணவும் எழுதும் படிவம். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒன்று, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு ஒன்று. மருந்து தொடங்கும் முன் மலம் எடுக்கத் தாதியருக்குப் பயிற்சி. இரண்டாவது, வளர்ப்பூடகப் பட்டியலை அகலமாக்குவது: ஸ்டெபிலோகொக்கஸுக்கும் பசிலஸுக்கும் பெர்ஃபிரிஞ்சென்ஸுக்கும் விப்ரியோவுக்கும் தட்டுகள், கூடவே காற்றில்லாச் சாடி. மூன்றாவது, இருக்கும் பி.சி.ஆர் கருவிக்கு நான்கு மரபணுச் சோதனை. உணவில் நஞ்சு தேட மத்திய ஆய்வுகூடத்தோடு முன்கூட்டியே பேசி வைப்பது. கொலனிகளைச் சேமிக்க ஒரு ஆழ்குளிர் உறைவிப்பான்.

ஒரு மூத்த வைத்தியர் என் பட்டியலை வாசித்துவிட்டு, சிறுவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மட்டுமாவது பெட்டகக் கருவி வேண்டும் என்றார். இரத்தத்தோடு வயிற்றோட்டம் வரும் பிள்ளைக்கு ஷிகா நஞ்சு ஈ.கோலையா ஷிகெல்லாவா என்று ஒரு மணியில் தெரிவது உயிர்ப்பிரச்சினை. முதலாவதுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் சிறுநீரகம் கெடும் ஆபத்துக் கூடலாம், இரண்டாவது கடுமையானால் கொடுக்க வேண்டும். அவர் சொன்னது சரி. அதை நான் பட்டியலில் சேர்த்தேன், திரும்பத் தட்டில் வளர்க்கும் விதியோடு. ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவதும் ஒரு பரவலின் வேரைக் கண்டுபிடிப்பதும் வெவ்வேறு வேலை என்பதை அவரிடமிருந்துதான் தெளிவாக விளங்கிக்கொண்டேன்.

மாதிரிப் பெட்டிகள் வெசாக்குக்கு முன் வந்துவிட்டன. வெசாக்கில் இலவசமாக உணவு கொடுக்கும் தன்சல் போடுபவர்களைப் பதிவுசெய்து பார்வையிடும் பரிசோதகர்கள் இரண்டு பெட்டியைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

சென்ற ஞாயிறு பெரியம்மா வீட்டில் பேத்தியின் பிறந்தநாள். அறுபது பேருக்குச் சமையல். பின்னேரம் தொலைபேசி வந்தது.

"பிள்ளை, ஒவ்வொரு கறியிலயும் ஒரு கோப்பையளவு சுடுதண்ணியில அவிச்ச போத்தலில எடுத்து, நேரமும் எழுதி ஒட்டி ஃபிரிட்ஜில வைச்சிருக்கிறன். சோறும் வைச்சிருக்கிறன். எத்தினை நாள் வைக்க வேணும்?"

"மூண்டு நாள் பெரியம்மா. ஐஸ் பெட்டிக்குள்ள வைக்காதேங்கோ, கீழ்த்தட்டில."

"கீழ்த்தட்டிலதான் கிடக்கு," என்றார்.